தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்த பிறகு, வீட்டுத் தண்ணீர்க் குழாயை யார் பார்ப்பது?

ரப்பர்நிழல் | திங்கள், இரவு 9:40

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த நிலத்தில் கட்டிய தாமானில் (வீட்டுக் குடியிருப்பில்) மலிவு விலை வீடு ஒன்றில் நாங்கள் பதினெட்டு ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். வழக்கமாக மாதத்துக்கு 22 கன மீட்டர் அளவில் நிற்கும் எங்கள் தண்ணீர்க் கணக்கு, சென்ற மாதம் 41 கன மீட்டர் என்று வந்திருக்கிறது. வீட்டில் ஆள் கூடவில்லை. விருந்தும் விசேஷமும் இல்லை. குழாய் எதுவும் சொட்டவில்லை, சுவரில் ஈரமும் படியவில்லை.

ஈப்போவிலிருந்து ஒரு குழாய்ப் பணியாளரை வரவழைத்தேன். வந்து பார்ப்பதற்கு மட்டும் 80 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டார். பத்து நிமிடம் வீட்டைச் சுற்றி வந்துவிட்டு, தரைக்கு அடியில் போகும் குழாய் முழுவதையும் தோண்டி மாற்ற வேண்டும், 3,800 வெள்ளி ஆகும் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார். ஓய்வூதியம் வாங்கும் அம்மாவும் பள்ளியில் எழுத்தர் வேலை பார்க்கும் நானும் அந்தத் தொகையை எங்கிருந்து எடுப்பது?

தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீட்டில் இருந்த காலத்தில் பைப்பு உடைந்தால், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அப்பா மேற்பார்வை பார்க்கும் மண்டோரிடம் ஒரு வார்த்தை சொல்வார். மதியத்துக்குள் குழாய் வேலை பார்க்கும் தோட்டத்துப் பிட்டர் சைக்கிளில் ரெஞ்சுடன் வந்து நிற்பார். இன்று வீடும் எங்கள் பெயரில் இருக்கிறது, குழாயும் எங்கள் பெயரில் இருக்கிறது. ஆனால் அந்தக் குழாய் எந்தச் சுவருக்குள் நுழைந்து எங்கே வெளிவருகிறது என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. விவரம் அறிந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

செம்பனைச்சாலை | திங்கள், இரவு 10:05

அக்கா, எங்கள் தாமானிலும் இதே கதைதான். பக்கத்து வீட்டார் தரையை உடைத்துக் குழாயை மாற்றிய பிறகும் கணக்கு குறையவில்லை. எதையும் தோண்டுவதற்கு முன் மீட்டரைப் பாருங்கள். இங்கே தோட்டத்துப் பட்டறையில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் எழுதுவார். அவர் வரும் வரை பொறுத்திருங்கள்.

பழையபட்டறை | திங்கள், இரவு 11:20

அம்மா, வணக்கம். முப்பத்தோரு ஆண்டுகள் தோட்டத்துப் பட்டறையில் பைப் பிட்டராக இருந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். 3,800 வெள்ளியை இப்போது யாருக்கும் கொடுக்க வேண்டாம். கசிவு எங்கே இருக்கிறது என்று காட்டாமல் குழாயை மாற்றச் சொல்பவர், காய்ச்சல் ஏன் வந்தது என்று பார்க்காமல் வயிற்றை அறுக்கச் சொல்பவரைப் போன்றவர்.

உங்கள் மீட்டரில் கறுப்பு எண்கள் கன மீட்டரைக் காட்டும். அவற்றுக்கு அடுத்துள்ள மூன்று சிவப்பு எண்கள் லிட்டரைக் காட்டும். ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். முகப்பில் சிறிய முக்கோணமோ நட்சத்திரமோ போன்ற சக்கரம் ஒன்றும் இருக்கும். மிகச் சிறிய ஓட்டத்துக்கும் அது சுழலும். எல்லாக் குழாய்களையும் மூடிய பிறகும் அது நகர்ந்தால் தண்ணீர் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இன்றிரவு எல்லாரும் படுக்கும் முன் சிவப்பு எண்களையும் சேர்த்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன் மறுபடி எழுதுங்கள். நடுவில் யாராவது கழிப்பறைக்குப் போனால் வாளித் தண்ணீரைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

பெரும்பாலான தாமான் வீடுகளில் அடுப்படிக் குழாய்க்கு வெளிக் குழாயிலிருந்து தண்ணீர் நேரடியாக வருகிறது. குளியலறைக்கும் கழிப்பறைக்கும் கூரைக்குள் இருக்கும் தொட்டியிலிருந்து இறங்குகிறது. ஆகவே உங்கள் வீட்டில் இருப்பது இரண்டு பாதை. எந்தப் பாதையில் ஓட்டை என்று பிரித்துப் பார்க்காமல் தேடுவது இருட்டில் ஊசி தேடுவதாகும். தொட்டிக்கு ஏறும் குழாயில் ஒரு வால்வு இருக்க வேண்டும். அதை மூடியதும் மீட்டர்ச் சக்கரம் நின்றுவிட்டால் கோளாறு தொட்டியிலோ அதற்குக் கீழேயோ இருக்கிறது. நிற்காமல் சுழன்றால்தான் தரைக்கு அடியில் போகும் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். இதற்கு ரெஞ்சுகூட வேண்டாம்.

ரப்பர்நிழல் | செவ்வாய், காலை 6:25

ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். நேற்று எழுத்துவேலை முடித்துப் படுக்கும்போது மணி பன்னிரண்டு. அப்போது 1847 என்ற கறுப்பு எண்ணுக்குப் பின் சிவப்பில் 214. இன்று காலை ஆறு மணிக்குக் கறுப்பு எண் அப்படியே இருக்கிறது, சிவப்பு எண் 806 ஆகியிருக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீரும் புழங்காத ஆறு மணி நேரத்தில் 592 லிட்டர் போயிருக்கிறது. எண்ணைப் பார்த்ததும் நெஞ்சு பதறிவிட்டது.

ஒரு விஷயம் புரியவில்லை. இப்போது காலையில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைப் பார்த்தால் அந்தச் சக்கரம் அசையவே இல்லை. இரவில் மட்டும் எப்படிக் கசியும்?

பழையபட்டறை | செவ்வாய், காலை 7:10

அம்மா, இந்தக் கேள்விக்குள்ளேயே விடை இருக்கிறது. தரைக்கு அடியில் குழாய் உடைந்திருந்தால் அதற்குப் பகல் இரவு தெரியாது, எந்நேரமும் ஓடும். இரவில் மட்டும் ஓடுகிறது என்றால் தொட்டிக்குள் இருக்கும் மிதவை வால்வைத்தான் பார்க்க வேண்டும்.

பகலில் ஊர் முழுவதும் தண்ணீர் எடுப்பதால் வெளிக் குழாயில் அழுத்தம் இறங்கியிருக்கும். நள்ளிரவுக்குப் பிறகு எல்லாரும் தூங்கிவிடுவார்கள், அழுத்தம் ஏறும். மிதவை வால்வின் வாயை அடைப்பது சுண்டுவிரல் நுனி அளவேயான ஒரு ரப்பர் வாஷர். அது தேய்ந்திருந்தால் பகல் அழுத்தத்தைத் தாங்கி நிற்கும், இரவு அழுத்தத்தில் தோற்றுவிடும். தொட்டி நிரம்பியும் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். பிறகு வழிந்தோடும் குழாய் வழியாக வெளியேறும். அந்தக் குழாய் உங்கள் வீட்டில் எங்கே முடிகிறது?

தோட்டத்தில் தொட்டி வைக்கும்போது வழிந்தோடும் குழாயின் வாயை வாசலுக்கு நேராகத்தான் வைப்போம். தண்ணீர் விழுந்தால் வீட்டுக்காரர் தலையில் விழ வேண்டும் என்பது எங்கள் பழைய போர்மன் சொல்லிக்கொடுத்த பாடம். தலையில் விழுந்தால் அன்றைக்கே வந்து சொல்வார்கள்.

ரப்பர்நிழல் | புதன், அதிகாலை 1:35

ஐயா, தூக்கம் கலைந்ததால் இப்போதே எழுதுகிறேன். இன்று மழை இல்லை. வானம் வெளுத்துக் கிடக்கிறது. ஒரு மணிக்கு அம்மாவும் நானும் டார்ச் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனோம். கூரையிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயில் அம்மா கை வைத்தார்கள். குழாய் சில்லென்று இருந்தது, உள்ளே தண்ணீர் ஓடும் நடுக்கம் உள்ளங்கையில் தெரிந்தது. குனிந்து பார்த்தால் அதன் அடிவாயிலிருந்து தெளிந்த தண்ணீர் சத்தமில்லாமல் லோங்காங்கில் (சாக்கடையில்) விழுந்துகொண்டிருந்தது. அந்த இடத்தில் மட்டும் சிமெண்டில் பச்சைப் பாசி தடித்துப் படர்ந்திருக்கிறது. தினமும் அந்தப் பாசியைப் பார்த்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறோம், ஏன் வருகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

தொட்டியின் வழிந்தோடும் குழாயைக் கூரை ஓரத்தில் மழைநீர் ஓடும் தகரக் கால்வாய்க்குள் விட்டிருக்கிறார்கள். யார் கண்ணிலும் படாமல் எத்தனை மாதமாக ஓடியதோ.

செம்பனைச்சாலை | புதன், காலை 8:00

அக்கா, படிக்கும்போதே மனம் கனக்கிறது. எங்கள் வரிசை வீடுகள் எல்லாவற்றிலும் அப்படித்தான் விட்டிருக்கிறார்கள். இன்றே போய்ப் பார்க்கிறேன்.

பழையபட்டறை | புதன், காலை 8:30

உங்கள் தம்பியோ மாமாவோ யாராவது உடன் இருக்கும்போது மட்டும் கூரைக்குள் ஏறுங்கள். உத்தரக் கட்டையின் மேல்தான் கால் வைக்க வேண்டும். கூரைப் பலகையின் மேல் கால் வைத்தால் அது உடைந்து கீழே விழ நேரிடும். மின்சாரக் கம்பிகளும் அங்கேதான் ஓடும். ஆதலால் ஈரக் கையோடு எதையும் தொடாதீர்கள்.

தொட்டிக்கு ஏறும் வால்வை முதலில் மூடுங்கள். மிதவையின் கையைக் கீழே அழுத்தி, தண்ணீர் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, வால்வு முனையில் உள்ள ஊசியைக் கழற்றினால் சிறிய உருளை ஒன்று வெளியே வரும். அதன் முகத்தில்தான் வாஷர் இருக்கும். வால்வின் உடல் நல்ல பித்தளையாக இருந்தால் வாஷரை மட்டும் மாற்றலாம். வாய் விளிம்பு அரித்திருந்தால் வால்வையே மாற்றிவிடுங்கள்.

மூன்றாம்டிவிஷன் | புதன், பிற்பகல் 1:15

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி சிறிது வேறாக இருந்தாலும் இங்கேதான் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது. நாங்கள் இன்னும் தோட்டத்து லயத்திலேயே இருக்கிறோம். கணவர் செம்பனைக் குலை வெட்டுகிறார். ஆறு வீடுகளுக்குச் செல்லும் இரும்புக் குழாய் துருப்பிடித்து, காலையில் முதல் வாளி தேயிலைத் தண்ணீர் நிறத்தில் வருகிறது. அலுவலகத்தில் சொன்னால், அவரவர் வீட்டுக் குழாயை அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். இது சரியா?

கோப்புக்கட்டு | புதன், இரவு 8:50

சரியல்ல, அம்மா. 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் தோட்டங்களில் வேலையாட்களுக்குத் தரப்படும் வீடுகளின் குறைந்தபட்சத் தரத்தை வரையறுக்கிறது. குழாய்த் தண்ணீரைப் போதிய அளவில் இலவசமாகத் தருவதும், வீட்டையும் அதன் வசதிகளையும் நல்ல நிலையில் பராமரிப்பதும் முதலாளியின் கடமை என்று அது சொல்கிறது. 2019இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, தோட்டத்துக்கு வெளியே உள்ள தொழிலாளர் தங்குமிடங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. தோட்டத்துக்கான கடமை அதனால் நீங்கிவிடவில்லை.

வாய்ச்சொல் காற்றோடு போகும். ஆறு வீட்டாரும் சேர்ந்து, எந்தத் தேதியிலிருந்து தண்ணீர் இப்படி வருகிறது என்பதைக் குறித்து, முதல் வாளியின் படத்துடன் நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நகலில் கேட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால் அந்த நகலோடு தொழிலாளர் இலாகாவுக்குச் செல்லலாம். நான் தொழிற்சங்கக் கிளையில் பல ஆண்டுகள் கோப்பு எழுதியவன். முத்திரை இட்ட ஒரு நகல் இருந்தால் பேச்சின் தொனியே மாறுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

பழையபட்டறை | புதன், இரவு 9:30

மூன்றாம் டிவிஷன் அம்மாவுக்கு, அந்த நிறம் ஏன் வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜிஐ பைப் என்பது துத்தநாகப் பூச்சு பூசிய இரும்பு. பூச்சு இருக்கும் வரை இரும்பு பிழைத்திருக்கும். இணைப்புக்காக மரை (திருகுப் புரி) வெட்டும் இடத்தில் பூச்சும் போய்விடுகிறது, சுவரும் மெலிகிறது. அதனால் துரு எப்போதும் இணைப்பில்தான் தொடங்குகிறது. உள்ளே துரு கட்டி கட்டியாக வளர்ந்து குழாயின் வாயைக் குறுக்கிவிடும். எங்கள் தோட்டத்தில் கழற்றி எடுத்த அரை அங்குலப் பைப் ஒன்றின் வழியாகப் பென்சில்கூட நுழையவில்லை. இரவெல்லாம் அசையாமல் நின்ற தண்ணீர் அந்தத் துருவில் ஊறுவதால்தான் முதல் வாளி சிவந்து வருகிறது. நிறம் தெளியும் வரை முதல் தண்ணீரைச் சமையலுக்கு எடுக்காமல் செடிக்கும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டை மட்டும் மாற்றி ஒட்டுப்போட்டால் அடுத்த துண்டு ஒழுகும், ஆகவே கடிதத்தில் முழு வரிசையையும் மாற்றும்படி கேளுங்கள்.

நிலைமூன்று | வியாழன், காலை 11:00

பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். நான் குழாய் வேலையில் மலேசியத் திறன் சான்றிதழ் மூன்றாம் நிலை முடித்து, இந்த வட்டாரத்தில் தனியாகத் தொழில் செய்யும் இளைஞன். 80 வெள்ளி வாங்கியதைக் குற்றமாகப் பேசுவது எனக்கு வலிக்கிறது. ஈப்போவிலிருந்து வருவதற்கும் போவதற்கும் எண்ணெய்க் காசு, சாலையில் கழியும் நேரம், கருவிகள், வேலை இல்லாத நாட்கள் எல்லாம் அந்தத் தொகைக்குள்தான் அடங்க வேண்டும். பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டார் என்பதற்காக அவருடைய வேலைக்கு மதிப்பில்லை என்று ஆகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிராமத்தில் எங்களை அழைப்பவர்கள் பாதிப் பேர், முன்னதாக ஒருவரிடம் இருபது வெள்ளிக்கு வேலை கொடுத்து, அது கெட்டுப்போன பிறகுதான் அழைக்கிறார்கள். பிவிசி பைப்பில் பசையைத் தடவிய உடனே தண்ணீரைத் திறந்துவிட்டுப் போயிருப்பார்கள். மூன்று மாதத்தில் அந்த இணைப்பு விட்டுவிடும். அதைத் திருத்த நான் கூடுதல் கூலி கேட்டால், நான்தான் பேராசைக்காரன்.

ரப்பர்நிழல் | வியாழன், பிற்பகல் 2:20

தம்பி, உங்கள் மனம் வருந்தும்படி எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குக் குறை 80 வெள்ளியில் இல்லை. மீட்டரைத் திறந்துகூடப் பார்க்காமல் 3,800 வெள்ளி சொன்னதில்தான் குறை. மீட்டரைக் காட்டி, இங்கேதான் கோளாறு என்று விளக்கியிருந்தால் 80 வெள்ளியை மனநிறைவோடு கொடுத்திருப்பேன்.

பழையபட்டறை | வியாழன், மாலை 5:45

தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தோட்டத்தில் இருந்தபோது பிட்டருக்குச் சம்பளம் கொடுத்தது கம்பெனி. வேலைக்கு ஒரு விலை உண்டு என்பதே நம் வீடுகளுக்குத் தெரியாமல் போய்விட்டது. தாமானுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லை. அக்கம்பக்கத்துப் பையன் வந்து சரிசெய்தால் ஒரு காப்பியோடு அனுப்பிவிடுகிறோம். அந்தப் பையன் பிறகு சிங்கப்பூருக்குப் போய்விடுகிறான். அதற்கப்புறம், ஊரில் பைப்புக்கு ஆளே இல்லை என்று புலம்புகிறோம். ஆள் வேண்டும் என்றால் கூலியை முதலில் பேசி, வேலை முடிந்த அன்றே கொடுக்க வேண்டும்.

பிவிசி பற்றித் தம்பி தொட்டதால் முழுவதையும் சொல்கிறேன், வீட்டில் செய்து பார்ப்பவர்களுக்கு உதவும். ஹேக்சாவில் வெட்டும்போது வெட்டு நேராக இருக்க வேண்டும். உள்ளும் புறமும் நிற்கும் பிசிறைக் கத்தியால் வழித்து எடுக்க வேண்டும். குழாயும் சாக்கெட்டும் எலும்பு போலக் காய்ந்திருக்க வேண்டும். மேல் வால்வு சரியாக மூடாமல் ஒரு சொட்டு வந்துகொண்டிருந்தாலும் பசை பிடிக்காது. இரண்டு பக்கமும் மெல்லப் பூசி, செருகும்போது கால் சுற்றுச் சுற்றி, அரை நிமிடம் கையை எடுக்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் குழாய் மெதுவாகப் பின்வாங்கும், அதைக் கண்ணால் பார்க்கலாம். பிறகு பசை டப்பாவில் எழுதியிருக்கும் நேரம் வரை தண்ணீரைத் திறக்காமல் காத்திருக்க வேண்டும். மழைநாளில் அதற்கும் கூடுதலாகவே காத்திருங்கள். வெயில் படும் இடத்தில் ஓடும் பிவிசி பைப் சில ஆண்டுகளில் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். அதற்குப் பெயின்ட் பூசுங்கள். சுடுதண்ணீருக்கு அந்தப் பைப்பை ஒருபோதும் போடாதீர்கள்.

மரை உள்ள பிளாஸ்டிக் எல்போவில் (வளைவு இணைப்பில்) பித்தளைக் குழாயை ஏற்றும்போது, இரும்பில் முறுக்குவது போல முழு பலத்தோடு முறுக்கக் கூடாது. சாக்கெட் உள்ளுக்குள் மயிரிழையாகக் கீறும், அன்றைக்குத் தெரியாது, ஒரு வாரம் கழித்து நடுராத்திரியில் வெடிக்கும். வெள்ளை டேப்பை மரை ஏறும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போது சுருண்டு வெளியே வந்துவிடும்.

நிலைமூன்று | வியாழன், இரவு 7:30

ஐயா, கல்லூரிப் பட்டறையில் இதைத்தான் எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள், ஆனால் இவ்வளவு தெளிவாக அல்ல. என் பக்கத்திலிருந்து ஒரு விளக்கம். மீட்டருக்கு அப்பால் வீட்டுக்குள் உள்ள வாஷர், வால்வு, கழிப்பறைத் தொட்டி ஆகியவற்றை வீட்டுக்காரர் தாமே மாற்றிக்கொள்ளலாம். புதிய இணைப்பு எடுப்பது, மீட்டருக்கு முன் உள்ள குழாயைத் தொடுவது போன்ற வேலைகளை அனுமதி இல்லாதவர் செய்யக் கூடாது. தண்ணீர்ச் சேவைகளுக்கான தேசிய ஆணையமான ஸ்பான் அனுமதி அளித்த குழாய்ப் பணியாளரிடம் மட்டுமே அவற்றை ஒப்படைக்க வேண்டும். வேலைக்கு வருபவரிடம் அனுமதி அட்டையைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம், நாங்கள் தவறாக நினைக்க மாட்டோம்.

தண்ணீர் மெதுவாக வருகிறது என்று வெளிக் குழாயிலேயே நேரடியாகப் பம்பு பொருத்தும் பழக்கமும் பரவுகிறது. அது அனுமதிக்கப்பட்டதல்ல. அந்தப் பம்பு அண்டை வீட்டின் தண்ணீரையும் உறிஞ்சும், வெளிக் குழாயில் எங்காவது விரிசல் இருந்தால் மண்ணிலுள்ள அழுக்கையும் சேர்த்து உறிஞ்சும். பம்பு வைப்பதென்றால் தொட்டிக்குப் பிறகு வையுங்கள். தொட்டி மூன்று மீட்டர் உயரத்தில் இருந்தால் கீழே கிடைக்கும் அழுத்தம் ஏறத்தாழ 0.3 ‘பார்’ என்ற அளவு மட்டுமே. ஷவர் மெல்ல வருவது அதனால்தான், கோளாறினால் அல்ல.

மருந்தகத்தாய் | வெள்ளி, காலை 9:15

ஓய்வுபெற்ற தாதி என்ற முறையில் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். தோட்டத்துப் பக்கம் களைக்கொல்லி கலக்கும் டிரம்முக்குள் ரப்பர் ஹோசின் நுனியை முக்கிவிட்டுத் தண்ணீர் பிடிக்கிறார்கள். வீட்டுக் குழாயிலிருந்தே பிடிப்பவர்களும் உண்டு. ஹோஸ் டிரம்முக்குள் இருக்கும்போது வெளியே தண்ணீர் நின்றுபோனால், குழாய்க்குள் ஏற்படும் இழுவிசை டிரம்மில் உள்ளதைப் பின்னோக்கி உறிஞ்சிவிடும். தண்ணீர் மறுபடி வரும்போது அது அடுப்படிக் குழாயில் வரலாம். பாராகுவாட் 2020ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. அதற்காக மற்ற களைக்கொல்லிகள் குடிக்கத்தக்கவை ஆகிவிடவில்லை. ஹோஸின் நுனி எப்போதும் டிரம்மின் விளிம்புக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நிற்கட்டும், இடையில் காற்று இருக்கட்டும்.

தண்ணீர் தடைப்படும் என்று வாளியிலும் தொங்கிலும் (பெரிய பீப்பாயிலும்) பிடித்து வைப்பவர்கள் மூடி வையுங்கள். ஏடிஸ் கொசுவின் முட்டை பறக்கும் கொசுவாக மாற ஒரு வாரம் பத்து நாள் போதும். கூரைத் தொட்டியின் மூடி காற்றில் பறந்துவிட்டதா என்று ஆண்டுக்கொரு முறையாவது பார்க்க வேண்டும். வீட்டு வளாகத்தில் கொசுப் புழு கண்டால் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அபராதம் விதிக்க முடியும். ஆனால் எனக்கு அபராதத்தை விட, டிங்கிக் காய்ச்சலில் கட்டிலில் கிடந்த பிள்ளைகளின் முகம்தான் நினைவில் நிற்கிறது.

அடுப்படிநீட்டிப்பு | வெள்ளி, இரவு 9:00

எங்கள் வீட்டுப் பிரச்சினை கழிவுநீர். மழை பெய்தால் கழிப்பறை இறங்க மறுக்கிறது, குமிழி விடுகிறது. ரசாயனத் தூள் இரண்டு முறை ஊற்றியும் பயனில்லை.

நிலைமூன்று | வெள்ளி, இரவு 9:40

அண்ணே, உங்கள் பெயரே எனக்குப் பாதிப் பதிலைச் சொல்லிவிட்டது. பின்னால் அடுப்படியை நீட்டிக் கட்டும்போது மேன்ஹோலையோ கழிவுத் தொட்டியின் மூடியையோ சிமெண்டுக்கும் டைல்ஸுக்கும் அடியில் புதைத்துவிட்டீர்களா?

அடுப்படிநீட்டிப்பு | வெள்ளி, இரவு 9:55

ஆம். 2009இல் நீட்டினோம். மூடி இப்போது கேஸ் அடுப்புக்குக் கீழே இருக்கிறது. அன்றிலிருந்து ஒரு முறைகூட உறிஞ்சி எடுக்கவில்லை.

பழையபட்டறை | சனி, காலை 7:30

தம்பி, தூள் ஊற்றுவதை உடனே நிறுத்துங்கள். கழிவுத் தொட்டியில் உள்ள கிருமிகள்தான் கழிவைக் கரைக்கின்றன, அவற்றையே நீங்கள் கொன்றுகொண்டிருக்கிறீர்கள். அடியில் சேரும் சேற்றை எந்தக் கிருமியும் முழுவதாகக் கரைக்காது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை லாரி வைத்து உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். உங்கள் தொட்டி பதினைந்து ஆண்டுக்கு மேலாக நிரம்பிக்கொண்டே இருக்கிறது. சேறு மேலேறி வெளியேறும் குழாயை அடைத்திருக்கும். மழைக்காலத்தில் நிலத்தடி நீரும் ஏறுவதால் போக வழியில்லாமல் பின்வாங்குகிறது.

அடுப்பை நகர்த்தி, டைல்ஸை உடைத்து, மூடியை வெளியே எடுங்கள். வலிக்கத்தான் செய்யும், வேறு வழி இல்லை. திரும்ப மூடும்போது தூக்கி எடுக்கக்கூடிய சட்டம் வைத்த மூடியைப் போடுங்கள், அதன் மேல் டைல்ஸும் ஒட்டிக்கொள்ளலாம். மூடியைத் திறந்ததும் யாரும் தலையை உள்ளே நீட்டவோ, எதையாவது எடுக்க இறங்கவோ கூடாது. அங்கே தேங்கும் வாயு ஆளை நொடியில் சாய்த்துவிடும். காப்பாற்ற இறங்கும் இரண்டாவது ஆளையும் அது விடாது.

ரப்பர்நிழல் | ஞாயிறு, மாலை 4:10

ஐயா, நேற்று மாமா வந்து கூரைக்குள் ஏறினார். பழைய வாஷரை என் உள்ளங்கையில் வைத்தார். அதன் நடுவில் நகத்தால் அழுத்தியது போல வட்டமாக ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் மணல் பொடி ஒன்று பதிந்திருந்தது. எங்கள் 592 லிட்டர் போன வழி அவ்வளவுதான். வால்வின் வாயும் அரித்திருந்ததால் முழு வால்வையும் மாற்றினோம், கடைத்தெருவில் 28 வெள்ளி. வழிந்தோடும் குழாயையும் ஒரு எல்போ போட்டுத் திருப்பி வாசல் கதவுக்கு மேலே வெளியே நீட்டியிருக்கிறார்.

ஆனால் நேற்றிரவு பத்து மணிக்கும் இன்று காலை ஆறு மணிக்கும் எழுதியதில் இன்னும் 12 லிட்டர் வித்தியாசம் வருகிறது.

பழையபட்டறை | ஞாயிறு, மாலை 6:00

எட்டு மணி நேரத்தில் 12 லிட்டர் என்றால் நாளைக்கு 36 லிட்டர், மாதம் ஒரு கன மீட்டருக்குச் சற்று மேல். அவ்வளவு மெல்லிய ஓட்டம் பெரும்பாலும் கழிப்பறையில் இருக்கும். கேசரிக்குப் போடும் கலர்த் தூளில் ஒரு சிட்டிகையைக் கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டியில் கரைத்துவிட்டு, அரை மணி நேரம் யாரும் இழுக்காமல் இருங்கள். கீழே பீங்கானில் நிறம் தெரிந்தால் தொட்டியின் அடி ரப்பர் பிடிக்கவில்லை.

அப்புறம், நிலைமூன்று தம்பிக்கு ஒரு விஷயம் எழுத வேண்டும். என்னைப் போல் சான்றிதழ் இல்லாமல் கையால் கற்ற பழைய பிட்டர்கள் இந்த ஊரில் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறோம். வகுப்பில் உட்காராமல், செய்த வேலைகளின் அனுபவத்தைக் காட்டித் திறன் சான்றிதழ் பெறும் வழி திறன் மேம்பாட்டு இலாகாவில் இருக்கிறது. பெங்இக்திராஃபான் பென்சாபாயான் தெர்டாஹுலு என்று மலாயில் சொல்கிறார்கள். அதற்கான கோப்பைத் தயாரிக்க எனக்கு எழுத்து உதவி வேண்டும். பதிலுக்கு, வேலைக்குப் போகும்போது இரண்டு பையன்களை என்னோடு அழைத்துப்போய் மரை வெட்டுவதிலிருந்து கற்றுக்கொடுக்கிறேன். கூலியில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

கோப்புக்கட்டு | ஞாயிறு, இரவு 8:15

கோப்பை நான் எழுதித் தருகிறேன், ஐயா. பட்டறையில் எடுத்த படங்கள், பழைய சம்பளச் சீட்டு, தோட்டத்து மேலாளர் கொடுத்த கடிதம் எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். மாரியம்மன் கோயில் மண்டபத்தில் வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்குச் சந்திப்போம்.

நிலைமூன்று | ஞாயிறு, இரவு 8:40

நானும் வருகிறேன், ஐயா. மரை வெட்டும் டை என்னிடம் இருக்கிறது. இரும்பில் வெட்டிப் பழகாதவன், நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும்.

ரப்பர்நிழல் | அடுத்த மாதம், செவ்வாய், இரவு 9:20

இந்த மாதக் கணக்கு 21 கன மீட்டர். கேசரித் தூள் போட்ட இருபதாவது நிமிடத்திலேயே பீங்கானில் ஆரஞ்சுக் கோடு இறங்கியது. அடி ரப்பரை அம்மாவே மாற்றினார்கள். இப்போது இரவும் காலையும் சிவப்பு எண் ஒன்றாகவே நிற்கிறது.

நிலைமூன்று தம்பியை அழைத்து, வீட்டுக் குழாய் எங்கெங்கே ஓடுகிறது, எந்த வால்வு எதை மூடும் என்று பார்த்து ஒரு தாளில் வரைந்து, மின்சாரப் பெட்டிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறேன். வந்து பார்த்ததற்கு 60 வெள்ளி கேட்டார், அன்றே கொடுத்தேன்.

பக்கத்து வீட்டு அத்தை நேற்று வந்து தன் வீட்டு மீட்டரையும் பார்க்கச் சொன்னார். இரவில் 318, காலையில் 377. மழைநீர்க் குழாய் காய்ந்துதான் கிடக்கிறது. நாளைக் காலை அவர் வீட்டுக் கழிப்பறைத் தொட்டியில் தூளைப் போட்டுப் பார்க்கப் போகிறோம்.